எங்க ஊர்ல குப்பைக்குக் காசு உண்டு

எங்க பக்கம் "குப்பை அடிச்சாச்சா?"ன்னு ஒருத்தர் கேட்டா, வயலுக்கு எரு போட்டாச்சான்னு அர்த்தம். சாணி, மாடு தின்னு கழிச்ச கூளம், அடுப்புச் சாம்பல், வாசல்ல கூட்டுன சருகு எல்லாம் குழியில கிடந்து மக்கி, உழவுக்கு முன்னால வயலுக்குப் போகும். எங்களுக்குக் குப்பைன்னா சொத்து. அதே வார்த்தை திண்டுக்கல் டவுனுக்குள்ள நுழைஞ்சதும் மூக்கைப் பொத்துற சமாச்சாரமா ஆயிருது. தப்பு வார்த்தை மேல இல்ல, நீங்க அதுக்குள்ள போடுற சாமான் மேல.

உங்க வீட்டுக் குப்பையைத்தான் பாருங்களேன். சின்ன வெங்காயத் தோல், முருங்கைக்காய் சக்கை, மிஞ்சின சோறு, சாமி படத்துல வாடுன மல்லி. இதெல்லாம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வழியாவும், நிலக்கோட்டை பூ மார்க்கெட் வழியாவும் எங்க மண்ணுல இருந்து உங்களுக்கு வந்தது. அதோட பால் கவர், ஷாம்பு பாக்கெட், பிள்ளைக்கு மாட்டுன டயப்பர், உடைஞ்ச கண்ணாடி டம்ளர், தீர்ந்துபோன பேட்டரி. அத்தனையும் ஒரே கேரி பேக்குல திணிச்சு, இறுக்கி ஒரு முடிச்சு. அந்த முடிச்சு மேலதான் எனக்குக் கோபம். மக்குறது தனியா இருந்தா உரம். மக்காதது சுத்தமா இருந்தா பழைய சாமான் கடைக்காரர் காசு குடுத்து எடுத்துக்குவார். ரெண்டையும் சேர்த்துக் கட்டுனா ரெண்டும் நாசம். மீன் குழம்பு ஊறுன பால் கவரை யார் வாங்குவா?

மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. சோத்து வாசனைக்கு கவரோட முழுங்கும். அது செரிக்காது, வெளியவும் வராது, வயித்துக்குள்ளயே பந்து மாதிரி சேர்ந்துக்கும். வயிறு பெருத்துத் தெரியும், மாடு பட்டினியில சாகும்.

குவிச்சுப் போட்ட இடத்துலயும் கதை முடியறதில்ல. ஈரக் குப்பை காத்துப் படாம அழுகுனா மீத்தேன் வாயு கிளம்பும். பூமியைச் சூடாக்குறதுல அது கரியமில வாயுவை விடப் பல மடங்கு மோசம். தீப்பிடிச்சா லேசுல அணையவும் அணையாது. 2022 ஏப்ரல்ல சென்னை பெருங்குடிக் கிடங்கு நாள் கணக்குல எரிஞ்சதை நீங்களே பார்த்திருப்பீங்க. எங்க குழியில அதே காய்கறித் தோல் சருகோடயும் சாணியோடயும் புரண்டு கிடக்குது, நாத்தமே இல்ல.

"நான் பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" எல்லாரும் சொல்ற பதில் இது. அப்ப சண்டை போடுங்க. குப்பையைப் பிரிச்சுக் குடுக்கணும், பிரிச்சே வாங்கணும்னு 2016லயே விதி போட்டாச்சு. நாலு நாள் தண்ணி வரலைன்னா குடத்தோட ரோட்டுல உட்காரத் தெரியுதில்ல? ஆனா பிரிச்சுக் குடுக்கிறவர்தான் அதைக் கேட்க முடியும். பிரிக்காதவருக்கு அந்த வண்டி நல்ல சாக்கு, அவ்வளவுதான். நீங்க போட்ட கண்ணாடித் துண்டைக் கையால பிரிக்கிற தூய்மைப் பணியாளர் அக்காவையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

2019 ஜனவரி 1ல 14 வகை பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டுல தடை பண்ணாங்க. 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு இயக்கம் வந்துச்சு. கல்யாண வீட்டுல குடுத்த மஞ்சப்பை வீட்டுக்கு நாலு இருக்கும், பீரோவுக்குள்ள தூங்குது.

கிராமத்துக்காரன் மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. இல்லதான். கிழிஞ்ச மூடாக்கு சீட்டு, பிஞ்சுபோன சொட்டுநீர்க் குழாய், மருந்து டப்பான்னு எங்க ஓடைங்களும் நாறுது. அதைத் தனியா எழுதறேன், திட்டு எங்களுக்கும் பாக்கி இருக்கு.

ஆனா ஒண்ணு. "அண்ணே, மருந்தடிக்காத காய் கிடைக்குமா?"ன்னு டவுன்ல இருந்து போன் வருது. அதுக்கு மண்ணுல மக்கு வேணும். இப்ப வீட்டுக்கு வீடு மாடு இல்ல, எருவை விலைக்குத்தான் வாங்குறோம். பக்கத்துத் தோட்டத்துல டவுன் குப்பை உரம் ஒரு லோடு இறக்குனாங்க. மழை பெஞ்சதும் உரம் கரைஞ்சுபோய் மேல நின்னது பாக்கெட்டு, ஊசி, பாட்டில் சில்லு. பிளாஸ்டிக் தாள் மண்ணுக்குள்ள போச்சுன்னா தண்ணி இறங்காது, வேர் ஓடாது, கலப்பையில சுத்திக்கும். களை எடுக்க வர்ற பொம்பளைங்க இன்னைக்கும் அந்தக் காட்டுல செருப்போடதான் இறங்குறாங்க.

உங்க தெருவுல இருபது வீடு சேர்ந்து, காய்கறித் தோலும் பூவும் சருகும் மட்டும் தனியாச் சேர்த்து வச்சீங்கன்னா சொல்லி அனுப்புங்க. ஊசியும் சில்லும் பாக்கெட்டும் இல்லாத குப்பையா இருந்தா டிராக்டர் வாடகை என்னோடது.