பலகை மாறும், வாய்?

ஒடுக்கப்பட்ட சாதியினர் குடியிருப்புகளைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நல்லது. பெயர்ப்பலகைக்கு அரசாணை போடலாம். 'வாங்க'வுக்கு யார் போடுவது? பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் யாரை 'நீ' என்பது, யாரை 'நீங்க' என்பது என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தருவதில்லை. பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடுகிறது. அரியலூர் சிமென்ட் ஆலையில் 'சார்' ஆக இருப்பவர், ஊருக்குத் திரும்பியதும் குடியிருக்கும் தெருவை வைத்து 'ஏப்பா, இங்க வா' ஆகிவிடுகிறார். கூப்பிடுகிறவனுக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். அதே பையன் ஜெயங்கொண்டம் பேருந்தில் முன்பின் தெரியாதவரிடம், 'கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே' என்பான். சாதி தெரியாதல்லவா! பெரியவர்களே, பிள்ளைகள் பார்க்க நீங்கள் முதலில் எல்லோரையும் 'வாங்க' என்று கூப்பிடுங்கள்.