கொடி பறந்தால் கட்டணம் குறையுமா?

"நாட்டுக்கென்று ஒரு விமானக் கம்பனி இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரன் நினைத்த விலைக்கு டிக்கெட் விற்பான்." ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் இராகலைச் சந்தியிலும் சரி, பாராளுமன்றத்திலும் சரி, இந்தப் பதில்தான் வருகிறது. நம்புகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நம்புகிறார்கள். ஆனாலும் இது பொய். வலப்பனைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களும் இந்தப் பொய்க்கு விலை கொடுப்பதால் இதைச் சும்மா விட முடியாது.

2020-21 நிதியாண்டில் மட்டும் அந்தக் கம்பனியின் நட்டம் 4,500 கோடி ரூபா. 2021 மார்ச் முடிவில் சேர்ந்திருந்த மொத்த நட்டம் 37,200 கோடி. 2022 மே மாதம் பிரதமராகப் பொறுப்பேற்ற ரணில் விக்கிரமசிங்க நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் சொன்ன எண்கள் இவை. விமானத்தில் கால் வைத்திராத ஏழைகளும் இந்த நட்டத்தைச் சுமக்கிறார்கள் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்ற வருடம் அது என்பது உண்மைதான். அதற்கு முன் சேர்ந்த 32,700 கோடிக்கு எந்த நோயைக் குற்றம் சொல்வது?

அதே 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதற்கு எத்தனை வருடப் போராட்டம்! கட்டுப்படியாகாது என்று தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஒரு வருட விமான நட்டத்தை 1,000 ரூபாவால் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை இலட்சம் தொழிலாளிகள் 300 நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி வாங்கும் முழுச் சம்பளம் அது. கொழுந்து நிறை குறைந்தால் அவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். விமானக் கம்பனிக்கு அரைப்பேர் போட்டவர் யாருமில்லை.

தோட்டத்துப் பெண் விமானத்துக்கு எங்கே காசு கொடுத்தாள் என்று சிலர் கேட்கிறார்கள். கம்பனிக்குக் கடன் கொடுத்தவை இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும். எரிபொருளைக் கடனுக்கு ஊற்றியது பெற்றோலியக் கூட்டுத்தாபனம். அங்கே விழும் பள்ளத்தைக் கடைசியில் திறைசேரிதான் நிரப்ப வேண்டும். திறைசேரியின் வருமானத்தில் பெரும்பங்கு வருவது மறைமுக வரியில். 2022 நடுவரை 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. கடையில் அவள் வாங்கும் சவர்க்காரத்திலும், டுபாயில் வீட்டு வேலைக்குப் போன மகளோடு பேசப் போனுக்குப் போடும் ரீலோடிலும் அது இருக்கிறது. தீபாவளி முற்பணம் தீர்ந்ததும் காதுத் தோட்டை அடகு வைக்க அவள் போவதும் அதே அரச வங்கிக்குத்தான்.

சரி, டிக்கெட் விலைக்கு வருவோம். இந்த மலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போகிறவர்களில் பெரும்பாலானோர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அந்த வழியில் மலிவு டிக்கெட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தவை 2003இல் தொடங்கிய எயார் அரேபியாவும் 2009இல் தொடங்கிய ஃபிளைடுபாயும். அவற்றின் வித்தையில் மர்மம் எதுவும் இல்லை. ஒரே குடும்பத்து விமானங்களை வைத்திருந்தால் விமானிப் பயிற்சியும் உதிரிப்பாகமும் மலிவு. இறங்கியதும் விரைவாகத் திரும்பிப் பறந்தால் ஒரே விமானம் நாளுக்கு ஒரு நடை கூடுதலாகப் போகும். சாப்பாடும் பெட்டியும் தனிக்காசு. ஸ்ரீலங்கனோ நீண்ட தூரத்தில் எமிரேட்ஸ், கட்டார் போன்ற பெரிய கம்பனிகளோடும், குறுந்தூரத்தில் இந்த மலிவுக் கம்பனிகளோடும் ஒரே நேரத்தில் மோதியது. இரண்டு பக்கமும் அடி வாங்கியது.

2022இல் டிக்கெட் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது நாட்டுக்கென்று ஒரு கம்பனி இருக்கத்தான் செய்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது, கட்டுநாயக்கவில் எரிபொருள் இல்லை, வந்துகொண்டிருந்த கம்பனிகள் சேவையைக் குறைத்தன. போட்டி குறைந்தது, விலை ஏறியது. ஸ்ரீலங்கனின் வாலில் வரைந்த மயில் எதையும் தடுக்கவில்லை. புதிய வழியைத் திறந்ததும் அது அல்ல. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையில் 2019இல் வழி திறந்தது இந்தியாவின் அலையன்ஸ் எயார். 2024இல் அதே தடத்துக்கு வந்தது இண்டிகோ.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கட்டுநாயக்கவில் விமானம் இறங்கியதும் பெட்டி இறக்குவது முதல் படி வைப்பது வரையான தரைச்சேவை ஸ்ரீலங்கனின் ஏகபோகமாகவே இருந்து வந்திருக்கிறது. மலிவுக் கம்பனி தன் போட்டியாளருக்கே, அவர் கேட்கும் விலையைக் கொடுத்துத்தான் வேலை வாங்க வேண்டும். அந்தச் செலவு டிக்கெட்டில்தான் ஏறும். அதோடு புறப்படும் ஒவ்வொருவரிடமும் அறவிடும் 60 டொலர் வரி. வணிக வகுப்பில் இலண்டன் போகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல. ரியாத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது டிக்கெட்டில் பெரிய பங்கு. ஏழையின் டிக்கெட்டைக் காக்கவே தேசியக் கம்பனி என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் பற்றி வாய் திறப்பதில்லை.

தேசியம் என்ற பெயரில் நடந்தது என்ன? 1998இல் எமிரேட்ஸ் 7 கோடி டொலர் கொடுத்து ஸ்ரீலங்கனின் 40 வீதப் பங்கையும் பத்து வருட நிர்வாகத்தையும் எடுத்தது. 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் குழுவினருக்காக, ஏற்கனவே டிக்கெட் வாங்கியிருந்த பயணிகளை இறக்கக் கம்பனி மறுத்தது. அதையடுத்துத் தலைமை நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை விசா இரத்தானது. 2008இல் எமிரேட்ஸின் நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது. அதற்குள் அரசு 2007இல் மிஹின் லங்கா என்ற மலிவுக் கம்பனியையும் பறக்கவிட்டிருந்தது. பெயரில்தான் மலிவு. ஒரே திறைசேரியின் இரண்டு கம்பனிகள் ஒரே வானத்தில் பறந்தன. 2016இல் மிஹினை மூடினார்கள், கடனை மக்கள் தலையில் வைத்தார்கள்.

கம்பனி போய்விட்டால் நாடு தனித்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் ஹங்கேரியைப் பார்க்கட்டும். 2012 பெப்ரவரியில் அதன் தேசிய விமானக் கம்பனியான மாலேவ் நின்றது. அதே மாதத்திலேயே ரயன்எயாரும் விஸ் எயாரும் புதிய சேவைகளை அறிவித்தன. உண்மையான ஆபத்து வேறு. இந்தியாவின் உள்நாட்டு விமானச் சந்தையில் 60 வீதத்துக்கு மேல் இண்டிகோவின் கையில். 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதிக்கு அந்தக் கம்பனி ஆயத்தமாகாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் இரத்தாகி, பயணிகள் விமான நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள். பயப்பட வேண்டியது ஒற்றைக் கம்பனியின் பிடிக்கு. அந்தப் பிடி அரசாங்கத்துடையதா தனியாருடையதா என்பது இரண்டாம் கேள்வி.

ஸ்ரீலங்கனை விற்பதில்லை என்று 2024 டிசம்பரில் இன்றைய அரசு முடிவெடுத்தது. விற்காமல் இருக்கட்டும். சின்னதாக, தன் வருமானத்தில் ஓடட்டும். ஆனால் அதன் பழைய கடனுக்கென்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் 2,000 கோடி ரூபா ஒதுக்கினார்கள். கண்டி, மாத்தளைப் பக்கம் அரச தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் வருடக்கணக்கில் நிலுவையில் கிடக்கின்றன. தோட்டச் சம்பளத்தில் 50 ரூபா கூட்டக் கேட்டாலும் "காசு எங்கிருந்து வரும்?" என்று கேட்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்திலிருந்து நாம் அனுப்பிய பாராளுமன்ற உறுப்பினர்கள், விமானக் கம்பனிக்கான அடுத்த ஒதுக்கீடு வாக்கெடுப்புக்கு வரும் நாளில் அதே கேள்வியை எழுந்து நின்று கேட்க வேண்டும். தரைச்சேவையை எப்போது திறப்பீர்கள், 60 டொலரை எப்போது குறைப்பீர்கள் என்பதற்குத் தேதி வாங்காமல் கை உயர்த்தக் கூடாது.