அரியணை மீண்டது, அன்பு மீண்டதா?



1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று வரலாறு கூறுகிறது. ஒலுவில், கல்முனை முதலான நம் கரையோர ஊர்கள் அக்காலத்தில் அந்தப் பகுதியைச் சேர்ந்தவைதாம். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அவர் பெயரை நாம் நன்றியோடு சொல்கிறோம்.

அவருடைய மகன் இரண்டாம் இராஜசிங்கனின் கதையோ வேறு. அவரது கடுமையைத் தாங்க முடியாதவர்கள் 1664 டிசம்பரில் நிலம்பையில் கிளர்ந்தெழுந்தார்கள். இளவயதினனான அரசரின் மகனையே மன்னனாக்க முயன்றார்கள். பிள்ளையோ பயந்து நடுங்கினான். அரசரின் சகோதரி, அதாவது பிள்ளையின் மாமி, அவனைக் கூட்டிக்கொண்டு அரசரிடமே போய்விட்டார். தலைவன் இல்லாத கிளர்ச்சி சில நாட்களில் சிதறியது.

அரியணை மீண்டது. ஆனால் அரசரின் உள்ளத்தில் சந்தேகம் குடியேறிவிட்டது. பலர் கொல்லப்பட்டார்கள். ஒன்றுமறியாத அந்த மகனையும் அரசர் நஞ்சூட்டிக் கொன்றார் என்று, அக்காலத்தில் கண்டி நாட்டில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். மக்கள் அடங்கியது அச்சத்தினால், அன்பினால் அல்ல.

தாவூத் (அலை) அவர்களைப் பற்றி முன்னைய வேதக்காரரின் நூலில் இதற்கு மாறான ஒரு செய்தி உண்டு. அது குர்ஆனில் வரவில்லை. என்றாலும் அதில் படிப்பினை இருக்கிறது. மகன் அப்சலோம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்து போரில் மாண்டான். வென்ற தந்தை வாளோடு நகருக்குள் புகவில்லை. தம் குலத்துப் பெரியவர்களுக்கு உறவை நினைவூட்டித் தூது அனுப்பினார். கிளர்ச்சிப் படையை நடத்திய அமாசாவுக்கே தளபதிப் பதவி தருவதாக வாக்களித்தார். ஆபத்து வேளையில் தம்மைக் கல்லெறிந்து சபித்தவன் மன்னிப்புக் கேட்டு வந்தபோது, அவனைக் கொல்லச் சொன்னவர்களைத் தடுத்தார். மக்கள் யோர்தான் ஆற்றங்கரைக்கே வந்து அவரை எதிர்கொண்டழைத்தார்கள்.

நம் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்காவை வெற்றிகொண்டபோது நடந்ததை நாம் அறிவோம். தம்மை ஊரை விட்டுத் துரத்தியவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்கள். அபூஜஹ்லின் மகன் இக்ரிமா பயந்து யெமன் பக்கம் ஓடினார். அவருடைய மனைவி உம்மு ஹகீம் (ரழி) நபிகளாரிடம் வந்து கணவருக்கு அபயம் பெற்றார். தாமே நெடுந்தூரம் பயணம் செய்து அவரைத் தேடி அழைத்து வந்தார். இக்ரிமா வருமுன்னரே, அவருடைய தந்தையை ஏசவேண்டாம், இறந்தவரை ஏசுவது உயிரோடிருப்பவரையே நோகச்செய்யும் என்று நபியவர்கள் தோழர்களுக்குச் சொல்லி வைத்தார்கள் என சீரா நூல்கள் கூறுகின்றன. அந்த இக்ரிமா (ரழி) பின்னர் ஷாம் தேசத்துப் போரில் ஷஹீதானார்.

சகோதரிகளே! திரும்பி வருபவரின் பழைய கணக்கை வாசலிலேயே பிரிக்கக்கூடாது என்பதல்லவா இதன் பாடம்?

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வளவுப் பங்கில் மனம் கசந்து, கோபித்துப் போன மகன் பெருநாளைக்கு வருகிறான். "அண்டைக்கு எங்கள உதறிட்டுப் போனாய், இப்ப என்னத்துக்கு வந்தாய்?" என்று உம்மா கேட்டுவிடுகிறார். மருமகளின் வாப்பாவையும் சேர்த்து ஏசுகிறார். வந்தவன் சாப்பிடாமலே திரும்புகிறான். வழக்கில் உம்மா வென்றார், மகனை இழந்தார்.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது. முதலில் ஸலாம் சொல்பவரே அவ்விருவரில் சிறந்தவர் என்பது நபிவழி. நியாயம் நம் பக்கம் இருக்கும்போதும் இது பொருந்தும். வென்றவர் முதலடி வைத்தால்தான் தோற்றவரால் தலைநிமிர்ந்து வரமுடியும்.

கணவருக்கும் அவர் காக்காவுக்கும் இடையில், மகனுக்கும் வாப்பாவுக்கும் இடையில் ஒரு உம்மு ஹகீமாக நீங்கள் நில்லுங்கள். பங்கு வளவைப் பிறகும் அளந்துகொள்ளலாம். முதலில் வந்தவருக்குச் சோறு போடுங்கள்.

பிரிந்த உள்ளங்களை வல்ல அல்லாஹ் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.