குதிரை என்றாலே சூதாட்டம்தானா?

'குதிரை' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் நினைவுக்கு வருவது எது?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோயில் குதிரையாகத்தான் இருக்கும். கெடாவின் பெடோங், பாடாங் செராய், கூலிம், கோல கெட்டில் எனப் பால்மரக் காடுகள் நிறைந்திருந்த இடமெங்கும் நம் முன்னோர் முனீஸ்வரனையும் மதுரை வீரனையும் வைத்துக் கும்பிட்டார்கள். வீரன் ஏறி அமர்ந்திருக்கும் அந்த வெள்ளைச் சிமெண்டுக் குதிரையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகள் நாம்.

இரண்டாவதாக நினைவுக்கு வருவது ரேஸ். அதாவது, சூதாட்டம். இந்த இரண்டுக்கும் இடையில் உயிருள்ள குதிரை என்று ஒன்று இருப்பதையே நாம் மறந்துவிட்டோம். அதை மறந்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் 'குதிரை' என்பது தடை செய்யப்பட்ட சொல். தாத்தா பெடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பளம் போட்ட வாரம் அவரும் அவருடைய கூட்டாளிகளும் பட்டர்வொர்த்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து பெரியில் பினாங்குக்குப் போய்விடுவார்களாம். திரும்பி வரும்போது சில நாள் பையில் பிஸ்கட் டின் இருக்கும். பல நாள் ஒன்றும் இருக்காது. ஒரு தீபாவளிக்கு முன்பு பாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. திரும்பி வரவே இல்லை. அதன்பின் சாகும்வரை பாட்டி காதில் வேப்பங்குச்சிதான். "இந்த வீட்டுல குதிரைப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று அவர் போட்ட சட்டத்தை யாரும் மீறவில்லை, என் சித்தப்பாவைத் தவிர.

அவர் பதினேழு வயதில் தோட்டத்தை விட்டு வெளியேறி, வடக்கில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் சைஸ் வேலைக்குச் சேர்ந்தார். சைஸ் என்றால் குதிரையைப் பராமரிப்பவர். "லயத்துல பொறந்தவன் லாயத்துக்கே போயிட்டான்" என்று தோட்டத்தில் கேலி பேசினார்கள். பாட்டி இரண்டு ஆண்டுகள் அவருடன் பேசவில்லை. அவருக்குப் பெண் பார்க்கப் போனபோது, "பினாங்குல கம்பெனி வேலை" என்றுதான் என் அப்பா சொன்னார்.

அதே பொய்யை நானும் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு, விடுதியில் நண்பர்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் மாமா வழக்கறிஞர், இன்னொருவரின் அத்தை தலைமையாசிரியர். என் முறை வந்தபோது, "சித்தப்பா ஒரு கிளப்புல வேலை செய்றாரு" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். என் படிப்புக் கட்டணத்தில் பாதியைக் கட்டியவர் அவர்.

அவருடைய வேலை என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. படிவம் ஆறு முடித்த விடுமுறையில் மூன்று வாரம் அவருடன் தங்கியிருந்தேன். விடியற்காலை நான்கரை மணிக்கெல்லாம் அவர் லாயத்தில் இருப்பார். தோட்டத்தில் பெரட்டுக்குப் போகும் அதே நேரம்தான். முதல் வேலை, இரவு வைத்த தீனியைக் குதிரை முழுதாகத் தின்றிருக்கிறதா என்று பார்ப்பது. தொட்டியில் மிச்சம் கிடந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் வயிற்றுவலி அதன் உயிரையே எடுத்துவிடும். அடுத்து, சாணத்தைக் கிளறிப் பார்ப்பார். அதன்பின் குனிந்து, புறங்கையால் முன்னங்காலின் பின்பக்க நரம்பைத் தடவிப் பார்ப்பார். ஒரு காலைவிட மற்றொரு கால் சற்றே சூடாக இருந்தாலும் அன்று அந்தக் குதிரை ஓட்டத்துக்குப் போகாது. "நோவுதுன்னு அது வாயத் தொறந்து சொல்லாதுடா தம்பி. நாமதான் கேட்டுக்கணும்" என்பார்.

பந்தயக் குதிரை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ எடையுள்ள பிராணி. முழு வேகத்தில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் அதன் இதயம், ஓட்டத்தில் 200 முறைக்கு மேல் துடிக்கும். நம் நாட்டில் ஓடியவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவை. குளிர்நாட்டுக் குதிரைகளில் சில, நம் புழுக்கத்தில் ஒரு கட்டத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். வியர்க்காத குதிரையின் உடற்சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும். எந்தக் குதிரைக்கு எந்த நாளில் அது தொடங்குகிறது என்பதை மருத்துவருக்கு முன்பே கண்டுபிடிப்பவர் சைஸ்தான். ஓட்டம் முடிந்து வந்த குதிரையின் கழுத்தைத் தொட்டு, "இன்னிக்கு வேர்வை கம்மி" என்று சித்தப்பா சொன்னால், பயிற்றுநர் மறுபேச்சு இல்லாமல் குறித்துக்கொள்வார்.

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். அவரிடம் இருந்தது கல்வி இல்லை என்றால், கல்வி என்பதுதான் என்ன?

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. சித்தப்பா தம் வாழ்நாளில் ஒரு வெள்ளிகூடக் குதிரை மேல் கட்டியதில்லை. குதிரையை அறிந்தவர் அவர். பணம் கட்டியவர்கள் அறிந்திருந்தது எண்ணை மட்டும்தான்.

சூதாட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது நம் சமுதாயத்தில் எத்தனை அடுப்புகளை அணைத்தது என்பதற்கு என் பாட்டியின் காதே சாட்சி. நாலு நம்பர் விளையாட்டின் பிறப்பிடமே நம் கெடாதான் என்று ஒரு கதை உண்டு. அதே கெடாவில் 2023ஆம் ஆண்டு பிறந்தபோது நாலு நம்பர் கடைகளின் உரிமம் நிறுத்தப்பட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அது சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். கடையை மூடினால் ஆசையும் மூடிக்கொள்ளுமா என்பதை நாம்தான் நம் வீடுகளில் பேசவேண்டும். ஆனால், சூதாட்டத்தின் மீதுள்ள கோபத்தில் குதிரையையும் குதிரைக்காரரையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம்.

2024 அக்டோபர் 5ஆம் நாள் சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் ஓடியது. 182 ஆண்டு வரலாறு அத்துடன் முடிந்தது. 1864இல் தொடங்கிய பினாங்கு பந்தயக் கிளப்பின் கடைசிப் பந்தயம் 2025 மே 31ஆம் நாள் நடந்தது. முழங்கால் தேய்ந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட சித்தப்பா, "ஒரு தடவ கூட்டிட்டுப் போறியாப்பா?" என்று கேட்டார். போனோம். கூட்டம் முழுவதும் பந்தயத்தைப் பார்த்தபோது அவர் குதிரைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பாலத்தைக் கடக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. சுங்கை பட்டாணியை நெருங்கியபோதுதான் கேட்டார்: "இனிமே இந்தக் குதிரைங்க எல்லாம் எங்க போகும்?"

எனக்கு விடை தெரியவில்லை. அன்றிலிருந்துதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழக்கூடியது. பந்தய ஓட்டமோ பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் முடிந்துவிடும். மிச்சமுள்ள ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? இக்கேள்வியை ஜப்பானியர் நம்மைவிட அதிகமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அங்கே ஆண்டுக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயக் குட்டிகள் பிறக்கின்றன. பணக்காரர்கள் மட்டுமே குதிரை வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலையும் அங்கில்லை. 'ஹிட்டோகுச்சி' என்றொரு முறை உண்டு. 'ஒரு வாய்' என்று பொருள். சாதாரண வேலையில் இருப்பவரும் ஒரு குதிரையில் சிறு பங்கு வாங்கி, அது குட்டியாக வளர்வதையும், மிஹோ, ரித்தோ பயிற்சி மையங்களில் காலை ஓட்டம் ஓடுவதையும் அறிக்கைகளின் வழி தொடர்ந்து வருகிறார். ஓய்வுபெறும் குதிரைகளில் கணிசமானவை மறுபயிற்சி பெற்றுச் சவாரிக் கழகங்களுக்குப் போகின்றன. அலுவலக ஊழியரும் பள்ளி மாணவரும் வார இறுதியில் அங்கே போய்ச் சவாரி மட்டுமன்றி, சேணம் கழற்றவும், குளம்பைச் சுத்தம் செய்யவும், குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டவும் கற்கிறார்கள். சித்தப்பா செய்த அதே வேலையை அங்கே பணம் கொடுத்துக் கற்கிறார்கள்! இங்கே அதைச் சொல்லிக்கொள்ள நாம் வெட்கப்பட்டோம்.

ஹாரு உராரா என்றொரு குதிரை, 113 பந்தயங்களில் ஓடி ஒன்றில்கூட வெல்லவில்லை. ஆனாலும் ஜப்பானியர் அதை நேசித்தார்கள். அது 2025 செப்டம்பரில், 29 வயதில், ஒரு பண்ணையில் இறந்தது. தோற்ற குதிரைக்கும் முதுமை உண்டு என்று ஒரு சமுதாயம் நினைத்ததன் அடையாளம் இது. அங்கும் எல்லாம் நிறைவாக இல்லை. 'சவாரிக்கு' என்று பதிவான குதிரைகளில் பல, பின்பு என்ன ஆயின என்பதே தெரிவதில்லை என்ற குறைகூறல் அங்கேயே எழுந்துள்ளது. இருந்தாலும், கேள்வியாவது கேட்கப்படுகிறது.

"குதிரைக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். பட்டினப்பாலையைப் புரட்டிப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கும் இடத்தில், கடல்வழி வந்த குதிரைகளும் இருக்கின்றன. காழகத்துச் செல்வமும் இருக்கிறது. காழகம் என்பது கடாரம், நம் கெடா, என்பது உரை மரபு. ஒரே பட்டியலில் குதிரையும் கெடாவும்! ஆனால் அதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாததையும் எழுதி வைத்தார். காசு கொடுத்து வாங்கத் தெரிந்திருந்தது. காப்பாற்றும் கையை மதிக்கத் தெரியவில்லை. எழுநூறு ஆண்டுகள் கழித்தும் நாம் அதே இடத்தில்தான் நிற்கிறோமா?

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, பழைய சைஸ்களைத் தேடிப் போங்கள். பினாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும், ஏன், நம் கெடாத் தோட்டங்களிலும் அவர்கள் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று புலம்பும் இறுதியாண்டு மாணவர்கள், ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். அவர்கள் போய்விட்டால் அந்த அறிவும் போய்விடும்.

இரண்டு, கால்நடை மருத்துவத்தையும், லாடம் அடிக்கும் தொழிலையும், குதிரைப் பயிற்சியையும் தம்பி தங்கைகளிடம் தொழிலாக எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவம், சட்டம், பொறியியல் தவிர உலகில் வேறு படிப்பே இல்லை என்ற எண்ணம் மாறட்டும். "காலணி வாங்கவே காசில்லாத பிள்ளைக்குக் குதிரைச் சவாரியா?" என்ற கேள்வி நியாயமானது. நான் சவாரிக்கு அழைக்கவில்லை. ஏற்கெனவே நம்மவர் கையில் இருந்த தொழிலை, சான்றிதழோடும் நல்ல சம்பளத்தோடும் நம் பிள்ளைகள் தொடரட்டும் என்கிறேன்.

மூன்று, உங்கள் வீட்டில் யாராவது சாணம் அள்ளியோ, சாக்கடை சுத்தம் செய்தோ, லாரி ஓட்டியோ உங்களைப் படிக்க வைத்திருந்தால், அதை மறைக்காதீர்கள்.

பந்தயம் மூடப்பட்டதற்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. அது போகட்டும். ஆனால், சூடான காலைப் புறங்கையால் அறியும் அந்தக் கை போகக்கூடாது.

விடுதியில் நான் சொன்ன பொய்யைச் சென்ற பொங்கலன்று சித்தப்பாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "கிளப்புல வேலைன்னுதானே சொன்ன? அது உண்மைதானப்பா" என்றார்.

அவர் மன்னித்துவிட்டார். ஆகவே இம்முறை, அச்சில், முழுதாகச் சொல்லிவிடுகிறேன்: என் சித்தப்பா ஒரு சைஸ். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குதிரைகளைக் காப்பாற்றியவர்.