ஐந்நூறு ரூபாய்ச் சாமர்த்தியம்

பேரம் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஓர் எண்ணம். கறிகாய்க்காரியிடம் கறிவேப்பிலையோடு இரண்டு பச்சை மிளகாயும் கொசுறாக வாங்காமல் நான் நகர்ந்ததே கிடையாது. அந்தச் சாமர்த்தியம் என்னை எங்கே கொண்டு போய்த் தள்ளியது என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னைப் பார்த்து நாலு பேர் ஏமாறாமல் இருந்தால் சரி.

என் நாத்தனார் மேற்கு மாம்பலத்தில் வீட்டோடு ஊறுகாய் வியாபாரம் செய்கிறாள். யாருக்கு எத்தனை பாட்டில், யார் பாக்கி என்றெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ள அவளுக்கு எக்ஸெல் வேண்டியிருந்தது. "வருஷ சந்தா ஆயிரக்கணக்கில் ஆகிறதே, அண்ணி!" என்று ஒரு நாள் அங்கலாய்த்தாள்.

"இதற்கா கவலைப்படுகிறாய்? என்னிடம் விடு!" என்றேன்.

அன்றிரவே இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துவிட்டேன். 'மைக்ரோஸாஃப்ட் 365, ஆயுள் சந்தா, ஐந்து கம்ப்யூட்டர்களுக்கு, 499 ரூபாய் மட்டுமே!' பணம் கட்டிய ஐந்தாவது நிமிஷம் வாட்ஸ்அப்பில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்து விழுந்தன. அந்தப் பெயரின் வாலில், முன்பின் கேள்விப்படாத ஏதோ ஒரு கல்லூரியின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. 'நமக்கென்ன, திறந்தால் சரி' என்று இருந்துவிட்டேன்.

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அசல் ஜரிகைப் பட்டுப்புடவை ஐந்நூறு ரூபாய் என்றால் வாங்குவாயா?" என்று கேட்டார்.

"புடவை வேறு, இது வேறு" என்று அவர் வாயை அடைத்தேன்.

பதினோரு மாதம் ஒரு குறையும் இல்லை. நாத்தனார் கணக்கு வழக்கையெல்லாம் அந்தக் கணக்கோடு வந்த இணையச் சேமிப்பில் போட்டு வைத்தாள். இன்னொன்றும் போட்டாள். என் மாமியார் காலமாவதற்கு முந்தின மாதம், படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல இவள் தட்டி வைத்த ஊறுகாய்ப் பக்குவங்கள். ஒரு படி மாவடுவுக்கு எத்தனை கைப்பிடி உப்பு, விளக்கெண்ணெய் எப்போது விடுவது, நார்த்தங்காயை எத்தனை வெயில் காய வைப்பது, எல்லாம் அதில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. "அண்ணி, இப்படி ஒரு கணக்கே இல்லை என்கிறதே!"

விற்றவனின் வாட்ஸ்அப்புக்குப் பத்துத் தரம் செய்தி அனுப்பினேன்; பதில் இல்லை. கடை இருந்த பக்கத்தையே காணோம். அடுத்த வீட்டு இன்ஜினீயர் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"மாமி, நீங்கள் சாமான் ஒன்றும் வாங்கவில்லை. வேறொருவர் வீட்டுப் பீரோவில் ஒரு தட்டை, அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான் ஒருவன். வீட்டுக்காரர் கண்டுபிடித்துத் தட்டைக் காலி செய்துவிட்டார்."

பிறகு விளக்கமாகச் சொன்னான். கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் மொத்தமாகக் கணக்குகள் தருவார்கள். யாரோ அதற்குள் திருட்டுத்தனமாகப் பெயர்களைச் சேர்த்து வெளியே விற்றுவிடுகிறார்கள். அங்குள்ள நிர்வாகி நினைத்தால் நம்மை நீக்கலாம்; நம் ஃபைல்களைத் திறந்து படிக்கவும் வழி செய்துகொள்ளலாம். நீக்கிய கணக்கைச் சாதாரணமாக 30 நாளைக்குள் அவரே மீட்டுத் தரவும் முடியும். ஆனால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கணக்குக்குப் பதில் 25 எழுத்துச் சாவி மட்டும் மலிவாக விற்பதிலும் இதே கதை உண்டாம். ஒரு கம்பெனிக்கென்று கொடுத்ததைக் கண்டவர்களுக்கெல்லாம் விற்பார்கள். விஷயம் தெரிந்ததும் சாவி முடக்கப்படும்.

"மைக்ரோஸாஃப்ட் 365 மாதச் சந்தா, வருஷச் சந்தாவாகத்தான் விற்கிறது. ஆயுள் சந்தா என்று ஒன்று கிடையவே கிடையாது, மாமி" என்றான். கணவரின் புடவைக் கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது!

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சல் பெயரில் இருக்க வேண்டும். விற்கிறவன் கொடுக்கும் பெயரில் இருந்தால் தொடாதீர்கள். இணையத்தில் விற்பவர் தம் பெயர், விலாசம், குறை கேட்கும் அதிகாரியின் விவரம் எல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் வருஷத்து விதிகளே சொல்கின்றன. வெறும் வாட்ஸ்அப் எண் கடையாகாது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே உபயோகித்தால், 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் சிறையும் அபராதமும் உண்டு.

பணம் செலவழிக்க மனமில்லையா? நேர்மையான இலவசமே இருக்கிறது. 2010-இல் தொடங்கிய லிப்ரேஆஃபீஸில் கணக்கு எழுதலாம், கடிதம் எழுதலாம், தமிழிலும் கிடைக்கிறது. நாத்தனார் இப்போது அதில்தான் எழுதுகிறாள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915.

பாக்கிக் கணக்கை வாடிக்கைக்காரர்களே பெரும்பாலும் நாணயமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பக்குவங்களை யாரிடம் கேட்பது? மாமியாரின் தங்கை எண்பது வயதில் திருச்சியில் இருக்கிறார். இருவருமாகப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி வந்தோம். மாவடுவுக்கு உப்பு எவ்வளவு என்றதும் அவர் கையை விரித்துக் காட்டி, "அக்கா கை என் கையைவிடப் பெரிசு" என்றார். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த வருஷத்து மாவடு நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஒரு பாட்டிலை என்னிடம் நீட்டி, "அண்ணி, இனிமேல் நீங்கள் எதையாவது மலிவாக வாங்கினால், எனக்குப் பங்கு வேண்டாம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் காரியமாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்குவங்களைப் பேனாவால் எழுதி வைத்தேன். அதற்குப் பேரம் பேசவில்லை!