வரி மட்டும் இனிக்கிறதா?

வணிகப் பெருமக்களே! உங்கள் சொத்து வரிக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு இனம் அதில் இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. நூலக வரி கணக்கிடப்படும் தொகை 5,000 ரூபாய் என்றால், அதற்கு மேல் 500 ரூபாய் நூலகத்துக்காகக் கட்டுகிறீர்கள். சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர் நேரடியாகக் கட்டுகிறார். வாடகைக் கடைக்காரர் தப்பித்தாரா? இல்லை. கட்டட உரிமையாளர் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் வாடகையை உயர்த்துகிறார். நூலகப் படியை ஒருநாளும் மிதிக்காத பெட்டிக்கடைக்காரரின் வியர்வையும் இந்தப் பணத்தில் கலந்திருக்கிறது.

கட்டுகிறோம், சரி. கிடைப்பது என்ன?

எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குச் சென்று வந்த சகோதர, சகோதரிகள் பலரிடம் பேசினோம். அவர்கள் கொட்டிய குமுறலில் சிலவற்றை மட்டும் தருகிறோம்.

அரசுத் தேர்வுக்குத் தயாராகும் பட்டதாரி ஒருவர். இரண்டே அறை கொண்ட வீட்டில் ஏழு பேர். அமைதியாகப் படிக்க இடம் தேடி நூலகம் போகிறார். எட்டு நாற்காலிகள், அவற்றில் இரண்டுக்குக் கால் ஆட்டம். மின்விசிறி சுற்றினால் நாளிதழ் பறக்கும் இடத்தில்தான் அவருக்கு இடம் கிடைக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு எழுப்பி விடுகிறார்கள். மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பு. இடைப்பட்ட நான்கு மணி நேரமும் டீக்கடை பெஞ்சில்தான் அவர் படிப்பு!

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர் இன்னொருவர். காலையில் கடைக்குள் நுழைந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவார். நூலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கடை அடைப்பு. ஆசையோடு ஓடினால் நூலகத்திலும் பூட்டு! பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. மாணவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை திறந்து வைப்பது நல்ல ஏற்பாடு. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கடைவீதியே வெள்ளிக்கிழமை அடைத்துக் கிடக்கும் ஊர்களில் மட்டுமாவது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றினால் யாருக்கு என்ன நட்டம்?

பலசரக்கு வியாபாரி ஒருவர் ஜி.எஸ்.டி. பற்றித் தெரிந்துகொள்ள ஒரு தமிழ்ப் புத்தகம் கேட்டிருக்கிறார். ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலையில். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டதோ பழைய விற்பனை வரிச் சட்டம்! வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று 1931லேயே விதி வகுத்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். அவர் பிறந்த மண்ணில்தான் இந்தக் கூத்து.

கல்லூரி மாணவி ஒருவர் சொன்னது எல்லாவற்றையும் விட வேதனை. கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. சாவி எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுகிறார். இப்போது போவதையே நிறுத்திவிட்டார்.

இதைக் கேட்டதும் சில இளைஞர்களுக்கு நூலகர் மீது கோபம் வருகிறது. அது தவறு. புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பதிவேடு எழுதுவது, நாளிதழ் அடுக்குவது எல்லாம் அங்கே ஒரே ஆள். கூட்டிப் பெருக்குவதும் அவர்தான். அவரிடம் சண்டை போட்டு என்ன பயன்? கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு.

நூலக வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகள். வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைத்திருப்பதாகப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை செய்தி வந்துவிட்டது. வியாபாரி வரி கட்டத் தாமதித்தால் நோட்டீஸ், அபராதம், ஜப்தி மிரட்டல்! நம்மிடம் வாங்கிய வரியை உரிய இடத்தில் கட்டாத உள்ளாட்சிக்கு எந்த ஜப்தி? எந்த நோட்டீஸ்?

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. 2010ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று மாளிகைகளும் எழுந்தன. வரவேற்கிறோம். ஆனால் தெருமுனைக் கிளை நூலகத்தை நம்பியிருக்கும் ஏழை மாணவன் தினமும் பஸ் ஏறி மதுரைக்கும் சென்னைக்குமா போவான்?

"எல்லாம் செல்போனில் இருக்கிறதே, இன்னும் எதற்கு நூலகம்?" என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. செல்போனில் புத்தகம் இருக்கலாம். சத்தமில்லாத ஒரு மேசை இருக்கிறதா? அடுத்த தெருவில் கட்டணப் படிப்பகம் வைத்தால் மாணவர்கள் காசு கொடுத்து நிரம்புகிறார்களே, எதற்காக? தேவை இருக்கிறது. கொடுக்க வேண்டியவர்கள்தான் தூங்குகிறார்கள்.

அரசுக்கும் நூலகத் துறைக்கும் நமது கோரிக்கை நான்கே. பகல் இடைவேளை இல்லாமல் இரவு எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்கட்டும். கழிப்பறையும் குடிநீரும் கிடைக்கட்டும். விடுமுறை நாளை ஊருக்கு ஏற்ப முடிவு செய்யட்டும். வசூலான நூலக வரி எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு என்று ஒவ்வொரு கிளையிலும் பலகையில் எழுதி வைக்கட்டும்.

இளைஞர்களே! கோரிக்கை தானாக நிறைவேறாது. உங்களில் எத்தனை பேர் நூலக உறுப்பினர்? முதலில் சேருங்கள். ஆள் வராத நூலகத்தைப் பாழாக விடுவது அதிகாரிக்கு எளிது. வாசகர் வட்டத்தில் இடம் பிடியுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போட்டு, உங்கள் உள்ளாட்சியின் நூலக வரி நிலுவையைக் கேளுங்கள். வந்த பதிலைக் கடைவீதி வணிகர்களிடம் காட்டுங்கள். அவர்களின் கையெழுத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்துக்குப் போங்கள்.

வணிகர்களே! கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் இரவு முழுக்கக் கணக்குப் பார்ப்பீர்களே. ஆண்டுதோறும் உங்களிடம் வாங்கிய நூலக வரிக்கு என்றைக்குக் கணக்குக் கேட்கப் போகிறீர்கள்?