வக்பு என்றால் கடைக்கட்டிடம் மட்டுமா?

யப்பானியப் படங்களுக்கும் மலையக முஸ்லிம்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ரொபட் முல்லர் என்ற அமெரிக்கர் மாணவப் பருவத்தில் கவாசே ஹசுயியின் மர அச்சுப் படமொன்றை வாங்கினார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் வாங்கிச் சேர்த்தார். அவர் 2003இல் காலமானதும், 4,000க்கு மேற்பட்ட படங்கள் வாஷிங்டனிலுள்ள சாக்லர் நூதனசாலைக்கு உரியவையாகின. மழை, பனி, பாலம், நிலவு என்று கடதாசியில் அச்சிட்டு விற்ற படங்கள்.

“இது வெள்ளைக்காரன் பழக்கம்” என்பார்கள். இல்லை. பாரசீகத்து ஷா அப்பாஸ் தம்மிடமிருந்த 1,100க்கு மேற்பட்ட சீனப் பீங்கான்களை 1611இல் அர்தபீல் தர்காவுக்கு வக்பு செய்தார். பீங்கான்களில் வக்பு முத்திரையும் பொறிக்கப்பட்டது. எஞ்சியவற்றை இன்றும் தெஹ்ரான் நூதனசாலையில் பார்க்கலாம். அந்தச் சொல் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் காணிக்கும் கடைக்கும் அப்பால் அதை நாம் நகர விடவில்லை.

கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது, ஏற்க இடமும் வேண்டும். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டியக் கலைகளைப் பற்றி 1908இல் பெருநூல் வெளியிட்டவர். காசியில் தேசிய நூதனசாலை ஒன்று எழுந்தால் தம் ஓவியத் திரட்டைத் தந்துவிடுவதாகச் சொன்னார். எழவில்லை. 1917இல் டென்மன் ரொஸ் அதை விலைக்கு வாங்கி பொஸ்டன் நூதனசாலைக்குக் கொடுத்தார். கொண்டுபோனவரை ஏசுவது சுலபம். ஏற்காமல் இருந்தவர்களை யார் ஏசுவது?

இங்கே நம் கதை என்ன? ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாக் கடைவீதிகளில் நம்மவர் வைத்திருந்த பற்றுக் கொப்பிகளில் லயத்துக் குடும்பங்களின் பெயர்கள் இருந்தன. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட மக்களின் வாழ்வுக்கு அவையும் சாட்சி. அவற்றை எடைக்குப் போட்டோம். அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கிழிந்த குர்ஆன் பிரதிகளோடு சேர்த்து மண்ணில் புதைத்தோம். மிஞ்சியதை ஈரமும் பூஞ்சணமும் தின்கின்றன.

கம்பளைக்கு அருகே ஒரு லயத்தையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக்கிக் காட்டினார்கள், 2007இல். அவர்களிடம் என்ன பெரிய சொத்து இருந்தது? நம் பள்ளிவாசல்களுக்கோ வாடகை வரும் கட்டிடங்களே இருக்கின்றன.

உருவப்படம் கூடுமா, கூடாதா என்ற வாதத்தை இங்கே இழுக்க வேண்டாம். நான் கேட்பது எழுத்துக்கு.

ஈரம் ஏறாத ஒரு மேல்மாடி அறை. விற்கவோ பிரிக்கவோ கூடாது என்று எழுதிய வக்பு உறுதி. வந்து சேரும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பதிவு. தோட்டத்துப் பிள்ளையும் நம் பிள்ளையும் வந்து வாசிக்கத் திறந்த கதவு. இவ்வளவுதான்.

நிர்வாகசபைகள் முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது எழுத்தில் தரட்டும்.